வெர்டிக்கியோவும் மிளகாய் நாக்கும்

“மிளகாய்த்தூளில் வளர்ந்த நாக்கு. வெள்ளை வைனின் நுட்பம் அதற்கு எங்கே பிடிபடப் போகிறது?”

சுவிட்சர்லாந்தின் எங்கடின் மலைப் பள்ளத்தாக்கில் நான் வேலை செய்யும் ஹோட்டலின் உணவக மேலாளர் இதை ஜெர்மன் மொழியில், மிக மரியாதையாகச் சொன்னார். எதையும் அவர் மரியாதையாகத்தான் சொல்வார். நான் நீட்டியது வைன் படிப்புக்கான விண்ணப்பம். மேலதிகாரியின் சிபாரிசும் கையெழுத்தும் இல்லாமல் அதை அனுப்ப முடியாது. அம்மாவும் அப்பாவும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். என் ஹோட்டல் கல்லூரிச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் வீட்டிலிருந்து வந்தவள் நான். ஒரு மரியாதையான வாக்கியத்துக்குப் பயந்து திரும்புவதாக இல்லை.

அவர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. வேலைக்கு வந்த முதல் வாரம், ஒரு விருந்தினருக்குக் கிளாஸின் விளிம்புவரை வைன் ஊற்றிவிட்டேன். மூன்றில் ஒரு பங்கு என்று படித்தவள்தான். ஆனால் சூரிச்சுக்குப் பக்கத்து டீட்டிகோனில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களுக்கு அரைக் கிளாஸ் சோடா கொடுத்தால், அந்தக் குடும்பம் ஆறு மாதம் எங்களோடு கதைக்காது. கைக்கு அந்தப் பயம் இருந்தது. மேலாளர் அதை மறக்கவே இல்லை.

தினமும் மாலை, கதவு திறக்கும் முன் ஊழியர்கள் சுற்றி நின்று ஒரு வைனைச் சுவைப்போம். அன்று வெர்டிக்கியோ. இத்தாலியின் கிழக்குக் கரைக் குன்றுகளில் விளையும் வெள்ளை வைன். மேலாளர் கண்ணை மூடி, “மழையில் நனைந்த சுண்ணாம்புக்கல்,” என்றார். எந்தக் கல்லை எப்போது நக்கிப் பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் உடனே கல் மணத்தது.

“எலுமிச்சை, பச்சை ஆப்பிள், கொஞ்சம் உப்பு. விழுங்கிய பிறகு பாதாம் தோலின் கசப்பு,” என்றேன் நான்.

“விருந்தினரிடம் கசப்பு என்று சொல்லக்கூடாது.”

பாகற்காய்க் கறிக்கு இரண்டாம் முறை கை நீட்டும் வீட்டில் வளர்ந்தவளுக்கு அது புதிய சட்டமாக இருந்தது.

அன்றைய விசேஷம் மிளகாய் இறால். மெனுவில் அதன் பெயர் ‘கிழக்கின் மூச்சு’. சமைத்தவர் இருபது வருடமாக அந்தச் சமையலறையில் நிற்கும் யாழ்ப்பாணத்து அண்ணை. மேலாளர் அதற்குத் துணையாக, மரப்பீப்பாயில் ஊறிய கனமான சிவப்பு வைனை எழுதியிருந்தார்.

“அண்ணை, இறாலுக்குச் சிவப்பு வைனாம்.”

“நான் போட்ட தூளுக்கோ? வாய் எரிஞ்சு ஓடுவினம்.”

“நீங்கள் சொல்லேல்லையோ?”

“நான் இப்பவும் சட்டி கழுவிறன் எண்டுதான் அவர் நினைச்சுக்கொண்டிருக்கிறார். நீ படிச்சனி, பிள்ளை. நீ சொல்லு.”

சொன்னேன். மேலாளர் புன்னகைத்தார்; மெனுவை மாற்றவில்லை.

பாசல் நகரிலிருந்து வந்த ஒரு தம்பதி அந்த இறாலையும் சிவப்பு வைனையும் கேட்டு வாங்கினார்கள். ஓர் இறால், ஒரு மடக்கு வைன். கணவரின் முகம் வைன் நிறத்துக்கு வந்தது. மனைவி மெனு அட்டையால் விசிறினார். மேலாளர் ஓடி வந்து, காரமும் வைனும் உரையாடுவதாக விளக்கினார். நான் குளிர்ந்த வெர்டிக்கியோவை எடுத்து வந்து மூன்றில் ஒரு பங்கு ஊற்றினேன்.

“கனமான சிவப்பு, காரத்தை ஏற்றிவிடும். இதில் எலுமிச்சைப் புளிப்பு இருக்கிறது, இறாலோடு ஒத்துப்போகும். முடிவில் கொஞ்சம் கசக்கும்.”

கணவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிளாஸை நீட்டினார். “இன்னும் ஊற்றுங்கள். நிறைய.”

மேலாளர் பக்கத்திலேயே நின்றார். விளிம்புவரை ஊற்றினேன்.

மறுநாள் மெனுவில் இறாலுக்குப் பக்கத்தில் வெர்டிக்கியோ இருந்தது. கீழே, ‘மேலாளரின் தேர்வு’.

“உன்ரை நாக்கை மனுசன் இரவல் எடுத்திட்டார்,” என்றார் அண்ணை.

அந்த மெனுவையும் விண்ணப்பத்தையும் சேர்த்து மேலாளரின் மேசையில் வைத்தேன். “உங்கள் தேர்வு நன்றாக விற்கிறது. அது யாருடையது என்று விருந்தினர் கேட்டால் என்ன சொல்ல?”

மெனுவை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு பேனாவை எடுத்தார். சிபாரிசுப் பகுதியில், தன் பயிற்சியில் உருவான நுட்பமான நாக்கு என்று எழுதிக் கையெழுத்திட்டார். மிளகாய்த்தூளுக்கு அதில் இடம் கிடைக்கவில்லை.

அன்றே தபாலில் போட்டேன். போன திங்கட்கிழமை முதல் வகுப்பு. ஆசிரியர் ஒரு வெள்ளை வைனை ஊற்றி, உணர்ந்ததை எழுதச் சொன்னார். ஈரக்கல்லைத் தேடினேன், இல்லை. கசப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.