மறந்துபோன இரண்டாம் சரணம்

எங்கள் கென்டக்கி மலையூரில் பாஞ்சோ மீட்டிப் பாடும் வெர்னா, இருபது வருடமாகப் பழைய பாட்டுகளையே பாடிவந்தாள். ஒரு சனிக்கிழமை நடனத்தில், கொலைக் கதை சொல்லும் பழைய பாட்டு ஒன்றின் இரண்டாம் சரணம் மறந்துபோனது. விரல்கள் நிற்கவில்லை. மான் வேட்டைக்குப் போய்த் தன் வண்டி டயரையே சுட்டுவிட்டு வந்த கணவன் ஹோபர்ட்டின் வீரத்தை, அதே மெட்டில் பாடிவிட்டாள். கூட்டம் மறுபடி மறுபடி பாடச் சொன்னது.

“ஏண்டி, ஊர் முன்னாடி மானத்த வாங்குற?” என்று ஹோபர்ட் கத்தினான்.

“வரி மறந்துபோச்சு. வாய்க்கு வந்தது நீதான்யா!”

அன்றிலிருந்து அவள் பாடலாசிரியை. வானொலியில் கூப்பிட்டார்கள், திருவிழாக்களில் கூப்பிட்டார்கள். ஒரு வாரம் முறைத்த மானஸ்தன், புகழ் வந்ததும் மாறிவிட்டான்.

“போன மாசம் கூரையிலிருந்து விழுந்தேனே, அத ஏன் இன்னும் எழுதல?”

“கால் மாவுக்கட்டைப் பிரிக்கட்டும்யா. முடிவு தெரியாம எப்படி எழுதுறது?”