வாய்க்காலுக்கு வந்த டேங்கர்

பட்டுக்கோட்டை ரோட்டில் ஸ்டூடியோ வைத்துப் பல வருஷமாகிவிட்டது. இன்னமும் கழுத்தில் கேமராவோடு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால், "போட்டோகிராபர் எப்பம்மா வருவாரு?" என்று என்னிடமே கேட்கிறார்கள். "வந்துட்டாரு" என்று சொல்லிவிட்டு லைட் ஸ்டாண்டை நிறுத்த ஆரம்பித்துவிடுவேன்.

பருவம் பார்க்க எனக்குப் பஞ்சாங்கம் தேவையில்லை. யார் எப்படி நிற்க ஆசைப்படுகிறார்கள் என்பதை வைத்தே மாசத்தைச் சொல்லிவிடுவேன். தை மாசம் சிங்கப்பூர் மாப்பிள்ளைகள் குத்தகைக்கு விட்ட தங்கள் வயலில் இறங்கி, கதிரைப் பார்க்காமல் கேமராவைப் பார்த்து அறுப்பார்கள். விரல் தப்புவது குலதெய்வத்தின் அருள். வைகாசியில் கல்யாணம் நிச்சயமான ஜோடிகள் தாராசுரத்தில் தூணுக்குத் தூண் ஒளிந்து விளையாடுவார்கள். ஐப்பசியில் வெள்ளம் வரும். ஒரே ஒரு ரொட்டி பாக்கெட்டை ஆறு பேர் பிடித்துக்கொண்டு ஒரு ஆளுக்குக் கொடுப்பார்கள். வாங்குகிறவர் முகம் மறைந்தால் பாதகமில்லை, கொடுக்கிறவர்கள் யாரும் கண்ணை மூடியிருக்கக் கூடாது.

ஆனி மாசம் தண்ணீர் திறப்பார்கள். அப்போது வெள்ளை வேட்டி கட்டிய எல்லோருக்கும் ஆற்றில் பூத்தூவ வேண்டும் என்று ஒரு அரிப்பு வந்துவிடும். கல்லணையில் தூவுகிறவர்கள் பெரிய ஆட்கள். அங்கே இடம் கிடைக்காதவர்கள் அவரவர் ஊர் வாய்க்காலில் தூவிக்கொள்வார்கள்.

போன வருஷம் ஆனியில் ஒரு கடைமடை கிராமத்திலிருந்து எனக்கு போன் வந்தது. கடைமடை என்றால் ஆற்றுத் தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டு, மனசிருந்தால் கடைசியாக எட்டிப் பார்க்கிற இடம். கூப்பிட்டவர், "ஊராட்சித் தலைவர் பேசுறேன்" என்றார். போன பிறகுதான் தெரிந்தது, தலைவர் அவருடைய மனைவி. பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சி. தேர்தலில் நின்று ஜெயித்தது அந்த அம்மாள், ஜெயித்த நாளிலிருந்து 'தலைவரே' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது வீட்டுக்காரர். ஊரும் அதற்குப் பழகிவிட்டது.

வாய்க்கால் கரையில் பந்தல் போட்டிருந்தார்கள். பெரிய தாம்பாளங்களில் ரோஜா இதழ், சாமந்தி, நவதானியம். வாய்க்காலில்தான் தண்ணீர் இல்லை. வெடித்த மண்ணும், ஆள் உயரத்துக்குக் காட்டாமணக்கும், நடுவில் படுத்து அசைபோடும் ஓர் எருமையும் இருந்தன.

"தண்ணி எங்கங்க?" என்றேன்.

"வந்துகிட்டே இருக்கும்மா. நீ கேமராவ ரெடி பண்ணு."

மதகு பார்க்கிற லஸ்கருக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் பதில் எல்லோருக்கும் கேட்டது. "இன்னைக்கு வராதுங்க. நாளைக்கும் சந்தேகம். மேல இருக்கிற ஊருக்காரங்க விட்டாத்தானே கீழ வரும்." ஆனால் மாவட்டத்திலிருந்து பூத்தூவ வருகிற பிரமுகர் ஏற்கெனவே தஞ்சாவூரைத் தாண்டிவிட்டார்.

இந்த மாதிரி நெருக்கடியில்தான் நம் ஆட்களின் மூளை வேலை செய்யும். கொஞ்ச நேரத்தில் ஒரு டிராக்டர் தண்ணீர் டேங்கரை இழுத்துக்கொண்டு வந்தது. காது குத்து, கல்யாணத்துக்கு வாடகைக்குப் போகிற டேங்கர். கரையோரமாக நிறுத்திக் குழாயைத் திறந்தார்கள். எருமை மட்டும் மரியாதையாக எழுந்து வழிவிட்டது. தண்ணீர் நாலடி ஓடியது. பிறகு வெடிப்புக்குள் இறங்கிக் காணாமல் போயிற்று. இன்னொரு டேங்கர் வந்தது. அதையும் மண் குடித்துவிட்டு இன்னும் கேட்டது. கடைசியில் மடை மாதிரி மண்ணை அணைத்து, ஒரு பாய் அகலத்துக்குக் குட்டை ஒன்றைத் தேக்கினார்கள்.

"பரந்து ஓடுற மாதிரி தெரியணும். முடியலன்னா கம்ப்யூட்டர்ல தண்ணி விட்டுடும்மா" என்றார் வீட்டுக்காரர்.

"எவ்வளவு தண்ணிங்க வேணும்?" என்றேன்.

"கரையைத் தொடணும்."

கிண்டல் அவருக்குப் புரியவில்லை. காவிரிக்காக இரண்டு மாநிலங்கள் கோர்ட்டில் நிற்கின்றன, என்னிடம் வந்திருந்தால் ஒரு மத்தியானத்தில் முடித்துக் கொடுத்திருப்பேன்.

பிரமுகர் வந்து இறங்கினார். மாலை, சால்வை, பொன்னாடை எல்லாம் முறைப்படி நடந்தது. தாம்பாளத்தைக் கையில் வாங்கியவர் சுற்றுமுற்றும் பார்த்து, "தலைவரம்மா எங்க? அவங்க பக்கத்துல இருந்தாத்தானே படம் நல்லாருக்கும்" என்றார். அப்போதுதான் அங்கிருந்த அத்தனை பேருக்கும் தலைவர் என்று ஒருத்தர் இருப்பது ஞாபகம் வந்தது. பைக் பறந்தது.

பின்சீட்டில் உட்கார்ந்து வந்தார். ஈரத் தலையில் துண்டு, சாதாரண நூல் சேலை. கூப்பிட்ட அவசரத்தில் அப்படியே வந்திருக்கிறார். வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு, "துண்டை எடு" என்றார். எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். குட்டையைப் பார்த்தார், டேங்கரைப் பார்த்தார். எல்லோரும் தூவினார்கள். பூ தண்ணீரை மூடிவிட்டதால் எனக்கு வேலை சுலபமாயிற்று.

படத்தோடு விட்டிருக்கலாம். பிரமுகருக்கு வீடியோவும் வேண்டியிருந்தது. "தலைவரம்மா ரெண்டு வார்த்தை சொல்லட்டும். தண்ணி வந்தது சந்தோஷம், நன்றி, அவ்வளவுதான்." வீட்டுக்காரர் அதை ஒருமுறை மனைவிக்குச் சொல்லியும் கொடுத்தார்.

நான் கேமராவை ஓடவிட்டுத் தலையசைத்தேன். அந்த அம்மாள் லென்ஸை நேராகப் பார்த்தார்.

"வணக்கம். எங்க ஊருக்கு ஆத்துத் தண்ணி இன்னும் வரலீங்க. இது டேங்கர் தண்ணி. வாய்க்கால் பூரா காட்டாமணக்கு மண்டிக் கிடக்கு. தூர் வாராம தண்ணி எப்படி வரும்? நாத்து விட்டவங்க எல்லாம் வானத்தைப் பாத்துகிட்டு இருக்கோம். நன்றி."

நன்றியை மறக்காமல் சொன்னார். எனக்கு விசில் அடிக்க வேண்டும் போலிருந்தது, தொழில் தர்மம் தடுத்தது. பிரமுகர், "அம்மா வெள்ளந்தியாப் பேசுறாங்க" என்று சிரித்துக்கொண்டே காரைத் தேடினார். கார் கிளம்பிய புழுதி அடங்குமுன் வீட்டுக்காரர் என்னிடம் வந்தார்.

"அந்த வீடியோவ அழிச்சிடும்மா."

"எனக்கு அனுப்பிட்டு அழிங்க. பேசுனது நான்தானே" என்றார் அந்த அம்மாள்.

"நீ வச்சிகிட்டு என்ன பண்ணப் போற?"

"சும்மா, பாத்துக்கத்தான்."

அங்கேயே நின்று அனுப்பினேன். அவர் பார்த்துக்கொண்டதோடு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைத்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் அது மன்னார்குடி சுற்றி, நாகப்பட்டினம் போய், சிங்கப்பூரில் இருக்கும் என் சித்தப்பா மகனிடமிருந்து, 'அக்கா, உங்க ஊர்ப் பக்கமா?' என்ற கேள்வியோடு எனக்கே திரும்பி வந்தது.

அந்த வாரமே பொக்லைன் வந்து வாய்க்காலில் இறங்கியது. யார் அனுப்பினார்கள் என்று யாரும் சொல்லவில்லை, எல்லோரும் தாங்கள்தான் என்றார்கள். காட்டாமணக்கு கரைமேல் மலையாகக் குவிந்தது. தண்ணீர் தாமதமாகத்தான் வந்தது. சருகையும் பிளாஸ்டிக் பாட்டிலையும் தள்ளிக்கொண்டு, செம்மண் நிறத்தில், ஒரு பூகூட இல்லாமல் வந்தது. அதை எடுக்க யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போய் எடுத்தேன்.

அடுத்து பஸ் நிறுத்தத்தில் பிளெக்ஸ் முளைத்தது. பொக்லைன் மேல் கால் வைத்து வீட்டுக்காரர் நிற்கிறார், 'கடைமடைக்குக் காவிரி கொண்டுவந்த எங்கள் பகீரதனே'. படம் எடுத்தது நானில்லை, வேறு ஸ்டூடியோ. மூலையில் தபால்தலை அளவுக்கு அவர் மனைவி. ஆதார் அட்டையில் இருக்கிற படம். ஆதார் படத்தில் யாருமே தலைவர் மாதிரித் தெரிய மாட்டார்கள்.

அதைப் பார்த்துவிட்டோ என்னவோ, அந்த அம்மாள் தன் சொந்த நம்பரிலிருந்தே என்னைக் கூப்பிட்டார். "ஊராட்சி ஆபீஸ்ல மாட்ட ஒரு படம் வேணும். வர்றீங்களா?"

போனேன். தலைவர் நாற்காலியில் ஒரு பெருமாள் கோயில் பிரசாதப் பையும் வீட்டுக்காரருடைய துண்டும் கிடந்தன. இரண்டையும் எடுத்து ஜன்னல் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். பி.காம். படித்தவர் என்பதே அன்றைக்குப் பேச்சுவாக்கில்தான் எனக்குத் தெரிந்தது. "சிரிக்கணுமா?" என்றார். "உங்க இஷ்டம்ங்க" என்றேன். சிரிக்கவில்லை. நன்றாக இருந்தது.

நாலைந்து எடுத்திருப்பேன். வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, படத்தில் நிற்கிற பழக்க தோஷத்தில் நாற்காலிக்குப் பின்னால் போய்க் கைகட்டி நின்றுகொண்டு என்னைப் பார்த்தார். நான் அந்த அம்மாளைப் பார்த்தேன்.

"இவங்களும் இருக்கட்டுமாங்க?"

"இருக்கட்டும்" என்றார். "அவரு முகம் வரைக்கும் எடுக்க வேணாம்."