புந்தோங்கில் ஒரு மீன் கறி

மலேசியா, ஈப்போ நகரின் புந்தோங். மதியச் சாப்பாட்டுக் கடையில் ஆறிப்போன சோற்றின் முன் உட்கார்ந்திருக்கிறேன். மீன் கறியில் உப்பு கரிக்கிறது. ரசமாவது கேட்கலாம் என்று கல்லாவில் இருக்கும் அக்காவை எத்தனை முறை கூப்பிட்டும் நிமிரவில்லை. கோபத்தோடு எழுந்து போனால், மடியில் மறைத்து வைத்து எதிர்க்கடை நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

"சமையல்காரர் லீவு அண்ணே. இன்னிக்கு எங்க வீட்டுக்காரரு சமையல், முதல் தடவை. அவருகிட்ட ஒண்ணும் சொல்லிறாதீங்க லா. விடியறதுக்குள்ள போயி மீன் வாங்கிட்டு வந்தாரு."

அதற்குள் கணவரே கறிச்சட்டியோடு வந்துவிடுகிறார். வேர்த்த முகமெல்லாம் சிரிப்பு. பொட்டலம் டிராயருக்குள் போய்விடுகிறது.

"கறி எப்படி இருக்கு அண்ணே?"

அக்கா என்னையே பார்க்கிறார். திட்டுவதற்கென்று எழுந்து வந்த நான் "பிரமாதம்" என்கிறேன்.

மனிதர் பூரித்துப்போகிறார். என்னை உட்காரவைத்து இன்னொரு துண்டு மீன் வைக்கிறார். பிறகு மனைவிக்கும் ஒரு தட்டு எடுத்து, சோறு குவித்து, கறியை ஊற்றுகிறார்.

"நீயும் உக்காரு. காலைலேருந்து ஒண்ணுமே சாப்பிடல."

அக்காவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் சிரித்துவிடுவோம் என்று குனிந்தே சாப்பிடுகிறோம். கணவர் நகர்வதாக இல்லை. கரண்டியோடு பக்கத்திலேயே நிற்கிறார்.