அசனப் பந்தியில் வந்த அதிர்வு

சோற்று வாளியைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்த மதினியின் முகம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. மதினி என் அண்ணன் மனைவி. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகை அன்று. ஆலயத்தை ஒட்டிய பழைய கூடத்தில் வரிசையாகப் பெஞ்சு போட்டு, இலை விரித்து, கறிக்குழம்பும் ஊற்றியாகிவிட்டது. அப்போது காலுக்கடியில் ஓர் உறுமல் கேட்டது. டம்ளர்கள் நடுங்கின, ஜன்னல் கண்ணாடிகள் சடசடத்தன. யாரும் அசையவில்லை. கல் குவாரியில் வெடி வைப்பதும் தரை குலுங்குவதும் எங்கள் பக்கம் அன்றாடச் சங்கதி. "குவாரிக்காரன் நிம்மதியா சோறு திங்க விடமாட்டேங்கான்" என்று சொல்லிக்கொண்டே ஒருவர் எலும்பைக் கடித்தார்.

"இது வெடியில்ல. எல்லாரும் எந்திரிங்க, வெளிய போங்க!" என்று மதினி கத்தினார்.

ஜெபம் பண்ணி ஆரம்பித்த அசனத்தில் பாதியில் எழுவதை எங்கள் ஆட்கள் நினைத்தும் பார்க்க மாட்டார்கள். ஆனால் ராணுவ மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவரின் அதட்டலுக்கு முன்னால் யாரால் உட்கார்ந்திருக்க முடியும்? கம்பு ஊன்றி நடக்கும் ஏட்டையா ஒருவர், போலீஸில் ஓய்வு பெற்றவர், இலையை விட்டு வரமாட்டேன் என்று மல்லுக்கட்டினார். மதினி அவரை இடுப்பில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். கறிக் கையோடு வேப்பமரத்தடியில் நின்றோம். கூடத்திலிருந்து ஓர் ஓடுகூட விழவில்லை. காக்கைகள்தான் எங்கள் இலைகளை ஒரு கை பார்த்தன.

லேசான நிலநடுக்கம் என்று மறுநாள் பேப்பரில் ஒரு மூலையில் வந்தது. அதனால் மதினிக்கு ஒரு பயனும் இல்லை. 'பூகம்ப சிஸ்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தவர் சாட்சாத் அந்த ஏட்டையாவேதான். கடைத்தெருவில் லாரி கடகடத்தால்கூட "சிஸ்டர், ஓடலாமா?" என்பார்கள். அண்ணன் நொந்துபோனார். "ஏட்டி, இனிமே என்ன ஆடுனாலும் வாயத் தொறக்காத. வெளிய தல காட்ட முடியல" என்றார்.

மம்சாபுரத்தில் அவர்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் மலை முழுவதும் தெரியும். அங்கே நின்றுதான் ஒரு சாயங்காலம் கேட்டேன், "இவ்வளவு பேச்சு வாங்கணுமா மதினி?" என்று. இமயமலைப் பக்கம் அவர் வேலை பார்த்த இடத்தில், முதலில் வந்த சின்னக் குலுக்கலைப் பாறை உருள்கிறது என்று எல்லோரும் விட்டுவிட்டார்களாம். பெரியது பிறகு வந்தது. வார்டிலிருந்து அவரால் தூக்க முடியாமல் போன ஒரு நோயாளியைப் பற்றிப் பேச ஆரம்பித்து, பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். அப்புறம் மலையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நம்ம நாடே ஒரு பெரிய பாறைத் தட்டுல ஒக்காந்து வடக்க நகந்துக்கிட்டு இருக்கு தம்பி, நகம் வளர்ற வேகத்துல. ஆசியாவப் போயி முட்டுது. முட்டுன எடம் மடிஞ்சு எந்திரிச்சதுதான் இமயமலை. இன்னும் முட்டு நிக்கல. சிக்கிக் கெடக்குற பாறை திடீர்னு வழுக்குதுல்ல, அப்பத்தான் பூமி ஆடுது. அந்தமான்ல நான் இருந்தப்போ, அங்க ஒரு தட்டு இன்னொன்னுக்கு அடியில சொருகுதுன்னாவ. அம்புட்டு ஆழத்துல பாறை உருகி மேல வருது. அதுதான் எரிமலை."

"அப்போ நம்ம மலை?"

"இது ரொம்ப வயசானது. மடகாஸ்கர் நம்மள விட்டுப் பிரிஞ்சு போனப்போ ஒசந்த ஓரம். பொறவு மழையும் ஆறும் செதுக்குனது. எரிமலையெல்லாம் கெடையாது. ஆனா உள்ள பழைய விரிசல் இருக்கு, எப்பவாச்சும் செத்த அசையும். முக்காவாசித் தடவ ஒண்ணும் ஆகாது. எந்தத் தடவ ஆகும்னு எவனுக்கும் தெரியாதுல்லா? அடுத்தாப்லயும் கத்தத்தான் செய்வேன்."

பரீட்சைக்குப் படித்து மறந்துபோன பாடம் இது. அது ஒரு மனுஷியை இப்படி ஆட்டி வைத்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் பார்த்த துணிச்சல்காரர்களில் மதினிக்குத்தான் முதலிடம் கொடுப்பேன். பயப்படாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஊர் சிரிக்கும் என்று தெரிந்தும் கத்தத் தயாராக இருப்பவர் இவர் ஒருவர்தான்.

இந்த வருட அசனத்தில் பரிமாற அவரைக் கூப்பிடவில்லை. "நீங்க ரெஸ்ட் எடுங்க சிஸ்டர்" என்று பக்குவமாக ஒதுக்கிவிட்டார்கள். இத்தனை வருடம் வாளி தூக்கியவர், போய்ப் பந்தியில் உட்கார்ந்தார். வந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தாண்டிப் போனார்கள். அவருக்கு இரண்டு பக்கமும் இலைகள் காலியாகக் கிடந்தன. நான் எழுந்து போவதற்குள் ஏட்டையா கம்பை ஊன்றி ஊன்றி வந்து மதினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பேரு வச்சது நாந்தான் சிஸ்டர், வாபஸ் வாங்கிக்கிடுதேன்" என்றார், கூடம் முழுவதும் கேட்கும்படி. "அன்னைக்கு எங்க வீட்டு ஆளுக அம்புட்டுப் பேரும் இங்கதான் இருந்தானுவ. எனக்கு முன்னாலயே வெளிய ஓடிட்டானுவ. என்னையத் தூக்கணும்னு உங்களுக்குத்தான தோணுச்சு."

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருடைய இலையில் தண்ணீர் தெளித்துவிட்டார்.