ஆமைக்கு வைத்த சூடு

ஆமைக்குக் குளிரும் என்பது ஒன்பது வயது வரை எனக்குத் தெரியாது. புனேயின் ஜனவரிக் காலையில் எங்களுக்குத்தான் பல் கிட்டும். முதுகில் வீட்டையே சுமக்கிற ஒன்றுக்கு என்ன குறை என்று நினைத்திருந்தேன்.

அப்போது கசார்வாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே இரண்டு அறைகள் எங்களுக்கு. மாடியில் வீட்டுக்காரம்மாள், மராட்டிக்காரர், தனியாக இருந்தார். தெருவில் எல்லோரையும் போல நாங்களும் அவரைக் காகூ, அதாவது சித்தி என்றே கூப்பிட்டோம். அவரிடம் ஒரு நட்சத்திர ஆமை இருந்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம் என்பதெல்லாம் எங்கள் தெருவில் அன்று யாருக்கும் தெரியாது. காகூவின் கணவர் உயிரோடு இருந்தபோது கொண்டுவந்தது.

அந்த ஜனவரியில் மகளின் பிரசவத்துக்காக காகூ நாசிக் கிளம்பினார். ஆமையை ஒரு மாம்பழப் பெட்டியில் வைத்து அப்பாவிடம் கொடுத்தார். ஒரு மாதம், குளிர் மட்டும் படக் கூடாது என்றார். மாடியில் அது வெந்நீர்ப் பாய்லருக்குப் பக்கத்தில் கிடக்கும். எங்களிடம் பாய்லர் இல்லை. ஆனால் அப்பாவால் மறுக்க முடியவில்லை. பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் பிப்ரவரியோடு முடிகிறது. அதைப் புதுப்பிக்க வேண்டியவர் காகூ.

அம்மாவின் கவலை வேறு. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று கேட்டு வளர்ந்தவர் அவர். அப்பா நியாயம் சொன்னார்.

"இது ஆமை புகுந்த வீடு இல்லம்மா. ஆமையோட வீட்டுல நாமதான் புகுந்திருக்கோம். பயப்படணும்னா அதுதான் பயப்படணும்."

அம்மா சமாதானம் ஆகவில்லை. ஆமை என்ற சொல்லையாவது வீட்டுக்குள் சொல்லாதீர்கள் என்றார். அதனால் மராட்டியில் காசவ் என்று சொல்லிக்கொண்டோம். பழமொழிக்கு மராட்டி தெரியாது என்பது ஏற்பாடு.

தினமும் மேத்தி என்கிற வெந்தயக் கீரையைக் கிள்ளி வைப்பது என் வேலை. நான்காம் நாள் காலையில் வைத்த கீரை சாயங்காலம் அப்படியே வாடிக் கிடந்தது. காசவ் கண்ணைத் திறக்கவில்லை. தொட்டால் கல்லைத் தொட்டது போல் ஜில்லென்று இருந்தது. அப்பா பெட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இது செத்துப்போனால் காகூ முகத்தில் எப்படி விழிப்பது என்றார். வீடு போய்விடும் என்று அவர் சொல்லவில்லை. எனக்கே புரிந்தது.

எங்களோடு இருந்த சித்தப்பா பொறுப்பை எடுத்துக்கொண்டார். இஸ்திரிப் பெட்டி, கீசர் ரிப்பேர் செய்யும் சின்னப் பட்டறையில் அவருக்கு வேலை. சூடு என்றால் தனக்குத் தெரியாதது இல்லை என்பார். முதலில் ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றிப் பெட்டிக்குள் வைத்தார். கொஞ்ச நேரம் கதகதப்பாக இருந்தது. பிறகு பை ஆறிப்போய், காசவ் ஒரு குளிர்ந்த தண்ணீர் மூட்டையை ஒட்டிக் கிடந்தது. அடுத்து கரி போட்ட சிகடி அடுப்பை அறைக்குள் கொண்டுவந்தார். ஜன்னல் சாத்தியிருந்ததால் எங்களுக்குத் தலை வலித்தது. அம்மா அதைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டு, காசவைக் காப்பாற்றப் போய் எல்லோரும் போய்ச் சேரணுமா என்று கேட்டார்.

மூன்றாவது யோசனைதான் சித்தப்பாவுக்குப் பெருமை தந்தது. இஸ்திரிப் பெட்டியின் எலிமென்ட் ஒன்றை இரண்டு தகரத் தகடுகளுக்கு நடுவில் வைத்து, ஃபேன் ரெகுலேட்டரோடு இணைத்துச் சூட்டைக் குறைத்தார். அந்தத் தகட்டைப் பெட்டியின் அடியில் போட்டு, மேலே ஒரு துணி விரித்துக் காசவை உட்கார வைத்தார். அன்று சாயங்காலமே அது கண்ணைத் திறந்தது. ஒரு இலையைக் கடித்தது. அப்பா சித்தப்பாவின் முதுகில் தட்டினார்.

மறுநாள் கீரை வைக்கும்போது துணி ஒதுங்கியிருந்தது. என் விரல்கள் தகட்டில் பட்டன. சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். மறுபடி வைத்துப் பார்த்தேன். மூன்று எண்ணுவதற்குமேல் வைத்திருக்க முடியவில்லை. காசவ் மட்டும் அதன்மேல் நிம்மதியாக உட்கார்ந்திருந்தது.

சித்தப்பாவிடம் சொல்லத்தான் போனேன். அவர் அப்போது அடுத்த வீட்டுக்காரருக்குத் தகட்டைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். "சுட்டா நகர்ந்து போயிடும்ல? அசையாம இருக்குன்னா சுகமா இருக்குன்னு அர்த்தம்" என்றார். பெரியவர்கள் பேச்சுக்கு நடுவில் பேசிப் பழக்கமில்லை எனக்கு. அவர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. திரும்பி வந்து துணியைச் சரியாக இழுத்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்துப் பெட்டியைச் சுத்தம் செய்யக் காசவைத் தூக்கிய சித்தப்பா, அப்படியே நின்றுவிட்டார். வயிற்று ஓட்டில் பட்டை பட்டையாக வெளுத்து, ஓரிடத்தில் நீர் கசிந்தது. அதுவரை பெட்டிப் பக்கமே வராத அம்மா வந்து எட்டிப் பார்த்தார்.

"அதென்ன தோசையா தம்பி, கீழேருந்து சுடறதுக்கு? வெயில் மேலேருந்துதானே வருது."

சித்தப்பா தகட்டின் பிளக்கைப் பிடுங்கினார். ஆமைக்கு வயிற்றில் படும் சூடு அவ்வளவாக உறைக்காது, முதுகில் படும் வெயில்தான் அதற்குத் தெரியும் என்று பல வருடம் கழித்து எங்கோ படித்தேன். அன்று அதைச் சொல்ல எங்களுக்கு யாரும் இல்லை. அப்பா பையில் போட்டு எடுத்துப்போன மாட்டாஸ்பத்திரியில், எருமைகளையே பார்த்துப் பழகிய டாக்டர் மஞ்சள் களிம்பு ஒன்று கொடுத்து, ஈரம் படாமல் வைக்கச் சொன்னார். அவ்வளவுதான்.

பிறகு அம்மா சொல்லச் சொல்லச் சித்தப்பா செய்தார். பெட்டியின் ஒரு ஓரத்துக்கு மேலே அறுபது வாட் பல்பு. பிளாஸ்டிக் உருகிவிடும் என்பதால் பீங்கான் ஹோல்டர். பல்பு கழன்றாலும் காசவின் மேல் விழாமல் சுற்றிலும் பழைய டேபிள் ஃபேனின் கம்பிக் கூண்டு. மறு ஓரத்தில் சூடு கிடையாது. வேண்டுமென்றால் வெளிச்சத்துக்கு வரட்டும், போதுமென்றால் போகட்டும் என்றார் அம்மா. குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீரைப் பதம் பார்ப்பது போல, காசவின் முதுகு உயரத்தில் புறங்கையை வைத்துப் பார்த்து, இன்னும் ஒரு சாண் மேலே ஏற்றச் சொன்னார். நான்கைந்து நாளில் அது வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் நடக்க ஆரம்பித்தது. கீரையும் தீர்ந்தது. தழும்பு மட்டும் போகவில்லை. சித்தப்பா அந்த மாதம் முழுக்கப் பட்டறைக் கதை எதுவும் சொல்லவில்லை.

காகூ வந்த அன்று பெட்டியை வாசலிலேயே வாங்கிக்கொண்டார். அப்பா வாயைத் திறப்பதற்குள் காசவைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். சித்தப்பா முன்னால் வந்து, தப்பு என்னுடையதுதான், கீழே சூடு வைத்துவிட்டேன், அளவு தெரியவில்லை என்று தன் அரைகுறை மராட்டியில் சொன்னார். காகூ கட்டை விரலால் அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டே கேட்டார். பிறகு உள்ளே வந்து பல்பையும் கூண்டையும் பார்த்தார். அதே மாதிரி மாடியிலும் ஒன்று மாட்டித் தரும்படி சித்தப்பாவிடம் சொன்னார். ஒப்பந்தக் காகிதத்தை ஞாயிற்றுக்கிழமை எடுத்துவரும்படி அப்பாவிடம் சொன்னார். அப்பா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

படியேறப் போனவர் என்னைப் பார்த்து நின்றார். தினமும் கீரை வைத்தது நீதானே, உன் கைக்குச் சூடு தெரியவில்லையா என்று மராட்டியில் கேட்டார்.

தெரியவில்லை என்று தலையாட்டினேன்.

"ஹோ கா?" என்றார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு மேலே போனார்.

எங்கள் வீட்டில் மராட்டி நன்றாகத் தெரிந்தது எனக்குத்தான். ஹோ கா என்றால் அப்படியா என்று அர்த்தம். காகூ நம்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போனேன்.