பூட்டிய வீட்டுக்குள் பாடிய பெட்டி

போன வருடம் ஐப்பசி மாதம் நடந்தது இது. பழவேற்காட்டுக்குப் பக்கத்தில், ஏரியை ஒட்டிய ஒரு மீனவ கிராமத்தில் என் வீடு. வீட்டுக்காரர் ஏரியில் இறால், நண்டு பிடிக்கிறார். நான் முன் அறையில் மெஷின் போட்டு ரவிக்கை, சுடிதார் தைக்கிறேன். காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் வரை தையல்தான். பாட்டு ஓடினால்தான் எனக்குக் கை ஓடும். இல்லையென்றால் ஹூக் வைக்கும்போதே கொட்டாவி வந்துவிடும்.

அதில்தான் பிரச்சினை. போனில் பாட்டுப் போட்டால், 'பிளவுஸ் ஆச்சா?' என்று பத்து நிமிடத்துக்கு ஒருவர் கூப்பிடுவார். பாட்டு பாதியில் நிற்கும். சிடி பிளேயர் உப்புக் காற்றில் எப்போதோ செத்துவிட்டது. பென் டிரைவ் சொருகுகிற பெட்டி ஒன்று வாங்கினேன். ஒரே மழைக்காலத்தில் அதன் வாயில் பச்சை பூத்துவிட்டது. போன் வந்தாலும் நிற்காத, தானாகப் பாடிக்கொண்டே இருக்கிற ஏதாவது ஒன்று வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

இதைச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் தம்பியிடம் சொன்னேன் பாருங்கள், அது நான் செய்த முதல் தப்பு.

"அக்கா, உனக்குத் தேவை மியூசிக் ஸ்ட்ரீமரா, சர்வரா? அத மொதல்ல முடிவு பண்ணு" என்றான். எனக்கு இரண்டும் ஒன்றுதான். அவன் விளக்கினான். ஸ்ட்ரீமர் என்றால் இன்டர்நெட்டிலிருந்து பாட்டை இழுத்துப் பாடும். சர்வர் என்றால் நம்மிடம் இருக்கிற பாட்டையெல்லாம் ஒரு பெட்டிக்குள் ஏற்றி வைத்துக்கொள்வது. வீட்டில் சமைப்பதும் ஓட்டலில் வாங்குவதும் மாதிரி என்று புரிந்துகொண்டேன். அத்தோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாளிலிருந்து வீடியோ அனுப்ப ஆரம்பித்தான்.

ஒவ்வொரு வீடியோவிலும் ஒரு தாடிக்காரர் அலமாரி முன்னால் உட்கார்ந்துகொண்டு இருபது நிமிடம் பேசுவார். இந்தப் பெட்டியில் சத்தம் கொஞ்சம் சூடாக இருக்கும் என்பார் ஒருவர். அந்தப் பெட்டியில் குளிர்ச்சி என்பார் இன்னொருவர். இது பாட்டா, குளிக்கிற தண்ணீரா என்று எனக்குக் கடுப்பாக வரும். கண்ணை மூடினால் பாடகி இடப்பக்கம் நிற்பது தெரியும் என்று ஒருவர் சத்தியம் செய்தார். என் வீட்டில் இடப்பக்கம் மெஷின் இருக்கிறது, அந்தம்மா எங்கே நிற்பார்? கடைசியில் எல்லாரும் ஒரே மாதிரி முடிப்பார்கள், 'உங்கள் தேவையைப் பொறுத்தது' என்று. அடப் பாவிகளா, என் தேவை எனக்குத் தெரியும், பெட்டியைச் சொல்லுங்கள்.

பொன்னேரியில் ஒரு கடையில் விசாரித்தேன். டிவியில் சொருகுகிற குச்சி ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். அது இல்லை என்றதும், பச்சை, சிவப்பு விளக்கு சுற்றுகிற, கல்யாண ஊர்வலத்துக்கு இழுத்துப் போகும் சக்கரம் வைத்த ஸ்பீக்கரைக் காட்டினார்கள். வெறுத்துப்போய் பஸ் ஏறினேன். ஒரு வலை வாங்கக்கூட தான் இத்தனை யோசித்ததில்லை என்று வீட்டுக்காரர் வேறு சிரித்தார்.

மனதுக்குள் எனக்கு சர்வர்தான் பிடித்திருந்தது. ஒரு டிரங்குப் பெட்டி நிறைய சிடி சேர்த்து வைத்திருந்தேன், கோயில் திருவிழாக் கடைகளில் பொறுக்கியது. ஆனால் அத்தனையையும் ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும் என்றதும் சோம்பல் வந்துவிட்டது. தம்பியும் ஸ்ட்ரீமர் பக்கமே இழுத்தான். அவனுடைய பாட்டுக் கணக்கையே எனக்கும் போட்டுத் தருவதாகவும், தனியாக மாதா மாதம் கட்ட வேண்டாம் என்றும் சொன்னான். தலையை ஆட்டினேன்.

போன வருடம் தை மாதம் அவனே வந்து மாட்டிக் கொடுத்தான். ஸ்ட்ரீமரும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த ஒரே பெட்டி, இரண்டு ஸ்பீக்கர். கரண்ட் போனாலும் நிற்கக் கூடாது என்று அதையும் இன்டர்நெட் மோடத்தையும் என் தையல் இன்வெர்ட்டரிலேயே இணைத்தான். எந்த அறையில் இருக்கிறது என்று அந்தப் பெட்டி கேட்டதாம். 'ஹால்' என்று பெயர் வைத்தான். அவன் வீட்டு ஸ்பீக்கருக்கும் அவன் வைத்திருந்த பெயர் 'ஹால்'தான் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

பாட்டு என்னவோ அருமையாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றியே வைத்தேன். எதிர்வீட்டு அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. அவருடைய கணவர் இரவெல்லாம் ஏரியில் இருந்துவிட்டு வந்து பகலில் தூங்குகிறவர். ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில், அந்த மனிதர் கண் மூட வேண்டாமா என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. நானும் மீன்பிடிக்கிறவர் பெண்டாட்டிதான், எனக்குத் தெரியாதா? ஆனால் பத்துப் பேர் முன்னால் கேட்டுவிட்டாரே என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் வீட்டில் நான் பாட்டுக் கேட்க யாரிடம் பர்மிஷன் வாங்க வேண்டும் என்று கேட்டுவிட்டேன். அதோடு பேச்சு நின்றது. ஆறு மாதம், எதிர் எதிர் வாசலில் கோலம் போட்டுக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம்.

ஐப்பசியில் ஒரு காலை, ஏரியிலிருந்து வந்த அந்த அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார்.

எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால் யாரும் ஏரியில் இறங்க மாட்டார்கள். டிவி, ரேடியோ எதுவும் கிடையாது. நான் மெஷினைக்கூட மிதிக்கவில்லை. பாட்டுப் பெட்டியின் பட்டனை அமுக்கினேன். விளக்கு அணைந்து ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி மட்டும் நின்றது. அணைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அது தூங்குகிறது, யாராவது கூப்பிட்டால் எழுந்துகொள்ளும் என்று அந்தத் தாடிக்காரர்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் மதியம் எடுப்பதாக இருந்தது. சவம் தெருவில் போகும்போது வீட்டுக் கதவு திறந்திருக்கக் கூடாது என்பதால் எல்லாரும் பூட்டிவிட்டு வந்திருந்தோம். எங்கள் வீட்டுச் சாவியை வீட்டுக்காரர் இடுப்பில் செருகிக்கொண்டு, குழி வெட்டுகிறவர்களோடு இடுகாட்டுக்குப் போய்விட்டார். என் போன் உள்ளே சார்ஜில் கிடந்தது.

நான் பெண்கள் கூட்டத்தில் முன் வரிசையில் நின்றேன். பேச்சில்லாதவள் வரவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. அக்கா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். வாய்க்கரிசி போட்டாயிற்று. தூக்கப் போகிறார்கள். அப்போது பூட்டிய என் வீட்டுக்குள்ளிருந்து பறையும் உறுமியும் சேர்ந்த ஒரு குத்துப் பாட்டு கிளம்பியது. மாப்பிள்ளை ஊர்வலத்தில் ஆடுவதற்குப் போடுவார்களே, அந்த மாதிரி பாட்டு.

தெருவே என் வீட்டுப் பக்கம் திரும்பியது. அப்புறம் என் பக்கம் திரும்பியது. ஆறு மாதமாகப் பேச்சில்லாத எதிர்வீட்டுக்காரி, அக்காவின் புருஷன் பிணம் கிளம்புகிற நேரம் பார்த்துக் குத்துப் பாட்டுப் போட்டுவிட்டாள். வேறென்ன நினைப்பார்கள்? நான் இல்லை, நான் போடவில்லை என்று கத்தினேன், அந்தப் பாட்டில் யாருக்கும் கேட்கவில்லை. சத்தம் வேறு ஏறிக்கொண்டே போனது.

நடந்தது இதுதான், அன்று இரவுதான் தெரிந்தது. சென்னையில் தம்பி மகளுக்குப் பிறந்தநாள். பிள்ளைகள் ஆடுவதற்காக அவன் போனில் 'ஹால்' என்று தொட்டிருக்கிறான். அவன் ஹாலில் சத்தம் வரவில்லை. வரவில்லையே, வரவில்லையே என்று அவன் ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறான்.

நான் ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். பூட்டு அசையவில்லை. யாரோ ஒருவர் வாசலில் இருந்த மீட்டர் பெட்டியில் ஃபியூசைப் பிடுங்கினார். பாட்டு ஒரு நொடிகூட நிற்கவில்லை. இன்வெர்ட்டர்! கரண்ட் போனாலும் நிற்கக் கூடாது என்று என் தம்பி பார்த்துப் பார்த்துச் செய்த ஏற்பாடு. அந்த நேரத்தில் அவன் என் கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது.

ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. கம்பி வழியாகக் கை எட்டவில்லை. பக்கத்து வீட்டுச் சுவரில் தோணி தள்ளுகிற மூங்கில் கழி சாத்தியிருந்தது. அதை உருவி, கம்பிக்குள் விட்டு, அந்தப் பெட்டியை இடித்தேன். முதல் இடிக்கு நகர்ந்தது, இரண்டாவது இடிக்கு அலமாரியிலிருந்து விழுந்தது. ஒயர் பிடுங்கிக்கொண்டு பாட்டு நின்றது. தாடிக்காரர்கள் பஞ்சு வைத்துத் துடைத்துக் காட்டிய பெட்டி அது. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல், கழியைப் பிடித்தபடி சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் சவத்தைத் தூக்கிப் போனார்கள்.

அதன் பிறகு தெருவில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. துணி கொடுத்திருந்த இரண்டு பேர் தைக்காமலே திரும்ப வாங்கிப் போனார்கள். ஊர்ப் பெரியவர்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். சென்னையில் இருக்கிறவன் தட்டினால் இங்கே எப்படிப் பாடும் என்று கேட்டார்கள். அவர் வந்து என்மேல் பாய்ந்தார். தம்பி போனில் அழாத குறையாக மன்னிப்புக் கேட்டான். அடுத்த வாரமே ஒரு சர்வர் பெட்டியை அனுப்பினான், வெளியிலிருந்து யாரும் தொட முடியாது என்று இரண்டு முறை எழுதி. ஒரு வீடியோகூட இல்லாமல் வந்து சேர்ந்தது. இந்த ஒரு பெட்டியை முதலிலேயே அனுப்பியிருக்கலாம்.

எனக்குப் பெட்டி முக்கியமாக இல்லை. அக்கா என்ன நினைத்திருப்பார் என்பதுதான் அரித்தது. காரியம் முடிந்த மறுநாள் எதிர்வீட்டுப் படியேறினேன். அக்கா கூடத்தில் தனியாக உட்கார்ந்து வலையில் அறுந்த கண்ணிகளை முடிந்துகொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே சொல்ல ஆரம்பித்தேன். தம்பி வீட்டிலும் ஹால், என் வீட்டிலும் ஹால், ஒரே கணக்கு, இன்டர்நெட், இன்வெர்ட்டர் என்று உளறினேன். எனக்கே புரியாததை அவருக்கு எப்படிப் புரிய வைப்பேன்? பேசப் பேச எனக்கே பொய் மாதிரி இருந்தது. பாதியில் நிறுத்திவிட்டு அழுதேன்.

அக்கா வலையைக் கீழே வைத்தார். "உக்காரு. நீ போடலனு எனக்குத் தெரியும். நீ கதவத் தள்ளினத நான் பாத்தேன்" என்றார்.

நான் உட்கார்ந்ததும் அவரே பேசினார். "அன்னிக்கு விடிஞ்சதுலேர்ந்து அத்தினி பேரும் என்னயே பாத்துக்கினு இருந்தாங்க. அழறாளா, மயக்கம் போடறாளா, இன்னா பண்றானு. அவரு மூஞ்சிய ஒரு தபா ஒழுங்கா பாக்க முடியல எனக்கு. உன் வீட்டுல பாட்டு வந்திச்சு, எல்லாரும் அந்தாண்ட திரும்பிட்டாங்க. அப்பதான் நான் அவரப் பாத்தேன். கன்னத்துல கைய வச்சி, மெதுவா ரெண்டு வார்த்த சொன்னேன். நீ அத வுழ வெக்கற வரைக்கும் நாங்க ரெண்டு பேர்தான் இருந்தோம்."

என்ன சொன்னார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என்னைக் குத்தியது வேறு விஷயம். அன்று முன் வரிசையில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருத்தி. அவருடைய துக்கத்தையா பார்த்தேன்? இல்லை. என்மேல் இன்னும் கோபமாக இருக்கிறாரா என்று அந்த முகத்தில் தேடிக்கொண்டிருந்தேன்.

அக்காவே தெருவில் நான்கு பேரிடம் சொல்லி, மறுபடி எனக்குத் துணி வர ஆரம்பித்தது. ஆனால் நான் பழையபடி இல்லை. இப்போதெல்லாம் எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் முன்னால் போய் நிற்பதில்லை. தூக்குவதற்கு முன் பக்கத்தில் நிற்கும் பெண்களிடம் ஏதாவது பேச்சுக் கொடுத்து, அவர்கள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிவிடப் பார்க்கிறேன். இந்த நேரத்தில் என்ன பேச்சு என்று என்னைத் திட்டுகிறார்கள், திட்டட்டும். அந்தத் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு யாரும் பார்க்காத ஒரு நிமிடம் கிடைத்தால் எனக்கு அது போதும்.