சிவப்புக்கு விழுந்த இரண்டு ஓட்டு

எங்கள் கம்பெனி பஸ் பாட்டு இல்லாமல் ஒரு நாளும் ஓடியதில்லை. வேலூரில் கிளம்பி, பள்ளிகொண்டா, மாதனூர் வழியாக ஆம்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் ஷூ கம்பெனிக்குப் போகிற பஸ் அது. காலையில் பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள் என்பதால் பாட்டு சின்னதாக ஓடும். சாயங்காலம் எல்லாரும் களைத்திருப்பார்கள், அப்போது பெரிதாக ஓடும். வண்டி ஓட்டுகிறவர் மேல்விஷாரத்து பாய். பெண்டிரைவ் அவருடையது. எந்தப் பாட்டு வேண்டுமானாலும் அவரைத்தான் கேட்க வேண்டும். கேட்டவுடன் போட்டுவிட மாட்டார். "அது இன்னா பாட்டுபா, தகர டப்பாவுல கல்லு போட்டு ஆட்டற மாதிரி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போடுவார்.

டிசம்பர் பிறந்தால் பஸ்ஸில் சண்டை ஆரம்பித்துவிடும். அந்த வருஷம் வந்த பாட்டுகளில் எது முதல் பாட்டு என்பதுதான் சண்டை. கிறிஸ்துமஸ் லீவு விடுவதற்கு முந்தின சாயங்காலம் ஓட்டுப் போட்டு முடிவு செய்வோம். ஜெயிக்கிற பாட்டுதான் புது வருஷத்து முதல் டிரிப்பில் முதலில் ஓடும். ஓட்டுச் சீட்டு, தோல் துண்டு. ஒரு பாட்டுக்கு ஒரு நிறம். கம்பெனியில் குப்பைக்குப் போகிற தோலில் நகத்தளவு துண்டு ஒன்றைக் கைக்குள் மறைத்து எடுத்து வந்து, பஸ்ஸில் சுற்றி வருகிற டிபன் பாக்ஸில் போட வேண்டும். யார் எதற்குப் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியக் கூடாது. கேட்டில் சோதிக்கிற செக்யூரிட்டிக்கும் இது தெரியும். பாக்கெட்டைத் தடவிப் பார்த்து, "கருப்பா, பிரவுனா?" என்று சிரித்துவிட்டு விட்டுவிடுவார்.

நான் கட்டிங் செக்‌ஷனில் இருக்கிறேன். முழுத் தோலை விரித்து, கீறலும் பூச்சி கடித்த இடமும் ஒதுக்கி, ஷூவின் மேல்பாகத்துக்கு வேண்டிய துண்டுகளை வெட்டித் தருவது என் வேலை. அஞ்சாவது வரைக்கும் படித்தேன். பேச்சு மட்டும் வராது. படிப்பு இல்லாததால் அப்படி என்று சொல்ல முடியாது, என்னைவிடக் குறைவாகப் படித்த என் அண்ணன் தெருவுக்கே பேசுவார். பஸ்ஸில் நான் கடைசி சீட்டில் உட்காருவேன். ஒவ்வொரு வருஷமும் எந்தப் பாட்டு ஜெயிக்கும் என்று பார்த்து அதற்கே துண்டைப் போட்டுவிடுவேன். ஜெயிக்கிற பக்கம் இருந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

போன வருஷம் ஜனவரியில் ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தார். ஃபினிஷிங் செக்‌ஷன். நான் ஏறுகிற பள்ளிகொண்டா ஸ்டாப்பில்தான் ஏறுவார். வயது நாற்பது இருக்கும். வீட்டுக்காரர் இறந்து ரெண்டு வருஷம் ஆகிறது என்றும், பெண் பத்தாவது படிக்கிறாள் என்றும், தையல் மெஷினில் உட்காருகிற ஸ்டிச்சிங் அக்கா முன் சீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது பின்னால் எனக்குக் கேட்டது. மருமகள் வேலைக்குப் போவதில் மாமியாருக்கு இஷ்டம் இல்லையாம். "ஒரு பேச்சு என் காதுக்கு வந்தாலும் மறுநாள் நின்னுடணும்" என்று சொல்லித்தான் அனுப்பினாராம்.

அவர் முதல் நாள் ஏறும்போது பஸ்ஸில் ஒரு மெதுவான பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தின வருஷம் வந்த பாட்டு. படம் ஓடவில்லை, பாட்டையும் யாரும் கண்டுகொள்ளவில்லை. சத்தம் கம்மி என்பதால் பாய் அதைக் காலையில் மட்டும் போடுவார். ஏறியவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, பாட்டு முடிகிற வரைக்கும் அசையாமல் இருந்தார். அதன் பிறகும் அந்தப் பாட்டு வருகிற போதெல்லாம் அப்படித்தான். கடைசி சீட்டிலிருந்து எனக்கு அவருடைய கொண்டையும் தோளில் கொஞ்சமும்தான் தெரியும். அது அசையாமல் நிற்பதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது. நாலைந்து நாள் அந்தப் பாட்டு வராவிட்டால், ஏறும்போதே பாயிடம், "பாய், அந்தப் பாட்டு" என்பேன். அவ்வளவுதான் வரும். பாய் என்னை ஒரு பார்வை பார்ப்பார். மற்றவர்களிடம் சொல்லுகிற தகர டப்பா கதை எதையும் என்னிடம் சொன்னதில்லை. போட்டுவிடுவார்.

டிசம்பரில் சண்டை ஆரம்பித்தது. என் பக்கத்து டேபிளில் தோல் வெட்டுகிற பையன் ஒரு குத்துப் பாட்டுக்குக் கொடி பிடித்தான். பையன் என்றால் முப்பது வயது, ரெண்டு பிள்ளைக்கு அப்பா. அவன் பாட்டுக்குக் கருப்பு. ஸ்டிச்சிங் அக்கா ஒரு காதல் பாட்டைச் சொன்னார். அதற்கு பிரவுன். பாய் வழக்கம் போல யாரும் கேட்காத ஒரு பாட்டைச் சொன்னார். அதற்கு வெள்ளை.

"பாய், உங்க பாட்டுக்கு உங்க வண்டிகூட ஓட்டு போடாது."

"போடலன்னா போ. நல்ல சரக்கு எப்பவும் கம்மியாத்தான் விக்கும்."

அப்போது முன்னாலிருந்து, "நான் ஒண்ணு சொல்லலாமா?" என்று குரல் கேட்டது. அவர்தான். சேர்ந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது, பஸ்ஸில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அவர் பேசியது அதுதான் முதல் தடவை. அந்த மெதுவான பாட்டைச் சொன்னார்.

"அது போன வருஷத்துப் பாட்டுக்கா. செல்லாது" என்றான் பையன்.

"வீட்ல ரெண்டு வருஷமா பாட்டே போடல. இந்த பஸ்ல ஏறனப்பதான் கேட்டேன். எனக்கு இந்த வருஷம்தான் வந்துச்சி."

"அப்டி பாத்தா எங்கப்பா கல்யாணத்துல போட்ட ரெக்கார்டக்கூட சேத்துக்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள். பாய் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். "டேய், பாட்டு எப்ப வந்துச்சின்னு கேசட் கம்பெனிக்காரன் சொல்லக் கூடாது. கேக்கறவங்க சொல்லணும். சேத்துக்கோ. ஒரு கலர் குடு."

லேடீஸ் பூட்ஸ் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்ததால் கம்பெனி முழுக்கச் சிவப்புத் தோல் கிடந்தது. அந்தப் பாட்டுக்குச் சிவப்பு என்று ஆயிற்று.

அதற்குப் பிறகு அவர் ஏறும்போதெல்லாம் பையன், "அக்கா, டெபாசிட் போய்டும், வாபஸ் வாங்கிடுங்க" என்று கிண்டல் பண்ணுவான். கெட்டவன் இல்லை, அவனுக்கு வாய் சும்மா இருக்காது. அவரும் சிரித்துக்கொள்வார். ஆனால் லீவுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது, பள்ளிகொண்டா ஸ்டாப்பில் ஸ்டிச்சிங் அக்காவிடம் மெதுவாகச் சொன்னார். "என்னுது ஒண்ணுதான் விழும்னா வேணாங்க்கா. ஏன் வாயத் தொறந்தோம்னு இருக்கு."

அது எனக்குக் கேட்டது. அந்த ஒரு வார்த்தை என்னைப் பேஜார் பண்ணிவிட்டது. இன்னொரு தடவை அவர் வாயைத் திறக்க எத்தனை வருஷம் ஆகுமோ என்று நினைத்தேன். பேச எனக்குத் தெரியாது. துண்டு போடத் தெரியும்.

ஓட்டு அன்றைக்கு மெஷின் நின்ற பிறகு, மிச்சம் கிடந்த சிவப்புத் தோலில் ஓர் ஓரத்தைக் கத்தியால் வெட்டி எடுத்துக்கொண்டேன். டிபன் பாக்ஸ் கடைசி சீட்டுக்கு வந்தபோது உள்ளங்கையைக் கவிழ்த்துப் போட்டேன். யாரும் பார்க்கவில்லை.

பள்ளிகொண்டா டோல்கேட்டுக்கு முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. பஸ்ஸில் விளக்கைப் போட்டார்கள். ஸ்டிச்சிங் அக்கா டிபன் பாக்ஸைத் திறந்து நிறம் நிறமாகப் பிரித்தார். கருப்பு குவிந்தது. பையன் விசிலடித்தான். பிரவுனும் பரவாயில்லை. வெள்ளை ஒன்றே ஒன்று. "என் தோஸ்த் நானேதான்" என்றார் பாய்.

"சிவப்பு ஒண்ணு" என்றார் அக்கா. பிறகு விரலால் தள்ளிப் பார்த்து, "இல்ல, ரெண்டு."

அவர் சட்டென்று திரும்பினார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். அதோடு நின்றிருக்கலாம். பையன் எழுந்து போய் ரெண்டு சிவப்பையும் விளக்குக்கு நேராகப் பிடித்தான்.

"இதுல வரிசையா ஊசி ஓட்ட இருக்கு. ஃபினிஷிங்ல ரிஜெக்ட் ஆன பீஸ்லேர்ந்து கிழிச்சது. இது அக்காவோடது. இது பாருங்க, ஓட்டயே இல்ல. கத்தில வெட்டனது."

எங்கள் கம்பெனியில் யாருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கட்டிங்கைத் தாண்டிவிட்டால் தோல் தையல் மெஷினுக்குப் போய்விடும். ஊசி படாத தோல் எங்கள் டேபிளைத் தவிர வேறு எங்கேயும் கிடைக்காது. நான் இருபது வருஷமாகச் செய்கிற வேலை, அது எனக்குத் தோன்றவே இல்லை.

"இந்த பஸ்ல கட்டிங் ரெண்டே பேரு" என்றான் பையன். "நான் கருப்பு. அப்போ..."

மொத்த பஸ்ஸும் கடைசி சீட்டைத் திரும்பிப் பார்த்தது. "ஓ" என்று ஒரு சத்தம் எழும்பியது. "அண்ணே, ஊமையா இருந்துக்கினு" என்று யாரோ சொன்னார்கள். முன் சீட்டில் ரெண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, முந்தானையை இழுத்துத் தோளை மூடினார். எனக்கு அவர் மாமியார் சொன்ன வார்த்தை ஞாபகம் வந்தது. இந்தச் சத்தம் பஸ்ஸை விட்டு இறங்கினால், லீவு முடிந்து அவர் ஏற மாட்டார். அப்படி ஒரு சத்தத்துக்கு நான் காரணம்.

எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேன் என்று தெரிவதற்குள் எழுந்துவிட்டேன்.

"நான் பாட்டுக்குத்தான் போட்டேன்" என்றேன்.

"பாட்டுல இன்னா புடிச்சிது, அதச் சொல்லுண்ணே" என்றான் பையன்.

"ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி... ஒரு எடத்துல எல்லா வாத்தியமும் நின்னுடும். அந்தம்மா பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கறது கேக்கும். இங்க என் தலைக்கு மேலதான் ஸ்பீக்கர். அழுகைய அடக்கிட்டு, செரி, பாடுவோம்னு இழுக்கற மாதிரி இருக்கும். அதுக்குத்தான் போட்டேன்."

அவ்வளவு நீளமாக நான் பஸ்ஸில் பேசியதே இல்லை. யாரும் சிரிக்கவில்லை.

"அப்டி ஒண்ணு அதுல இல்லியே" என்றான் பையன். கிண்டலாக இல்லை, நிஜமாகவே கேட்டான்.

"இஞ்சின் சத்தத்துல உனக்கு எங்க கேக்கும்?" என்றார் பாய். பெண்டிரைவில் அந்தப் பாட்டைத் தேடி வைத்துவிட்டு, சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தினார். டோல்கேட் வரிசை நடுவில் நின்றுகொண்டிருந்தோம். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். பாய் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, இரு இரு என்று காட்டினார்.

பாட்டு ஓடியது. காலையில் சின்னதாகக் கேட்ட பாட்டை பாய் முழுச் சத்தத்தில் வைத்திருந்தார். முதல் சரணம் முடிந்தது. வாத்தியங்கள் ஒன்றொன்றாக ஒதுங்கின. எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த இடம் வந்தது. மூச்சு கேட்டது.

"அட ஆமா" என்றார் ஸ்டிச்சிங் அக்கா.

பையன் என்னைப் பார்த்தான். "பாய், அந்த எடத்த மட்டும் இன்னொரு வாட்டி போடுங்க." பாய் போட்டார். லாரிக்காரன் மறுபடியும் ஹாரன் அடித்தான். "இவன் ஓட்டு யாருக்குனு தெரியல" என்று சொல்லிவிட்டு பாய் வண்டியை எடுத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் அவரவருக்குப் பிடித்த பாட்டில் இப்படி ஓர் இடம் இருப்பதாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். பையன் தன் குத்துப் பாட்டிலும் ஒருத்தன் இருமுகிறான் என்று சத்தியம் பண்ணினான். என்னையும் அவரையும் பற்றிய பேச்சு அந்தச் சத்தத்தில் கரைந்துபோய்விட்டது. கருப்பு ஜெயித்ததைக்கூட யாரும் பெரிதாகக் கொண்டாடவில்லை.

பள்ளிகொண்டாவில் நான், அவர், ஸ்டிச்சிங் அக்கா மூன்று பேரும் இறங்கினோம். நான் தலையைக் குனிந்துகொண்டு நடக்கத் தொடங்கினேன்.

"ஒரு நிமிஷம்."

பஸ்ஸில் பெண்கள் எல்லாரும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் எந்த முறையும் சொல்லவில்லை.

"அந்த மூச்சு இன்னிக்கித்தான் எனக்குக் கேட்டுச்சி" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

"ஆனா கொழலப் பத்தி நீங்க ஒண்ணுமே சொல்லல."

"எந்தக் கொழல்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "மொதல் வரிலேர்ந்து கடைசி வரைக்கும் பின்னாடியே வருமே. எங்க சைடு ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்கு, அதுல கொழல் மட்டும்தான் சுத்தமாக் கேக்கும். ஒரு வருஷமா நான் அதத்தான் கேட்டுக்குனு வர்றேன்."

"எனக்குக் கேட்டதே இல்ல. மூச்சுதான் அந்தப் பாட்டு."

"கொழல் இல்லாம அந்தப் பாட்டா?" அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "அப்ப இத்தன நாளா இன்னா கேட்டீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பதிலும் வந்தது. குழல் யார் வேண்டுமானாலும் ஊதலாம், அந்த மூச்சை வேறு யாராலும் இழுக்க முடியாது என்றேன். அதெப்படிச் சொல்லலாம் என்றார். குழல் ஊதுகிறவனுக்கு மட்டும் மூச்சு இல்லையா என்று கேட்டார். அப்போதும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் ஏற வேண்டிய டவுன் பஸ் வந்தது. அடுத்ததில் போகிறேன் என்று கண்டக்டருக்குக் கையைக் காட்டிவிட்டு, முதல் வரியில் குழல் எங்கே தொடங்குகிறது என்று விரலால் காற்றில் கோடு போட்டுக் காட்டினார்.

ஸ்டிச்சிங் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. பார்க்கிறவர்களுக்கு மூன்று பேராகத் தெரிகிற மாதிரி, எங்களுக்குப் பக்கத்திலேயே கொய்யாப்பழ வண்டிக்காரரிடம் நின்றுகொண்டு, ஒவ்வொரு பழமாக எடுத்து, முகர்ந்து, திருப்பி வைத்து, விலையைக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பழக்காரர் அவர் கேட்ட விலைக்கு எப்போதோ ஒத்துக்கொண்டுவிட்டார்.